மருத்துவமனையும் தங்குமனையும்

சட்ட வாசகங்களைத் தமிழாக்குவதே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு சொல் நெடுநாளாகத் தொல்லை கொடுத்து வந்தது. ஆங்கிலத்தில் ‘கன்வலெசென்ஸ்’ என்பார்கள். நோய் நீங்கிவிட்டது, உடல் இன்னும் பழைய நிலைக்கு வந்து சேரவில்லை, இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் நாட்களுக்கு அது பெயர். கோப்புகளில் ‘நோய் நீங்கிய பின்னர்க் கொள்ளும் ஓய்வுக் காலம்’ என்று நீட்டி முழக்கி எழுதி வந்தோம். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீட்டில் வாழ்ந்து மறைந்த நம் பாட்டியாரோ அதற்கு ஒரே சொல்லை வைத்திருந்தார். புண் ஆறும், ஆள் தேறுவான். அவ்வளவுதான். ஆகவே, சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை. அந்தத் தேறும் நாட்களை எங்கே கழிப்பது என்பதற்குரிய இடத்தைத்தான் நம் வரலாற்றில் தேட வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு நமக்கு வேலூரில் குடலிறக்கத்துக்கு அறுவை நடந்தது. மருத்துவமனையில் இரண்டே இரவுகள். அதற்கடுத்த தெருவில் ஒரு விடுதியில் பதினோர் இரவுகள். மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பவனுக்கு நினைப்பதைத் தவிர வேறு வேலை ஏது? அங்கே நினைத்தவையும், எழுந்து நடமாடத் தொடங்கியபின் படித்தவையும் இவ்வுரையாயின. தங்கவயலிலிருந்தே தொடங்குவோம்.

1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் படையதிகாரி அப்பகுதியில் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு 1871இல் பெங்களூரிலிருந்து புறப்பட்டுப் போனவர் லாவெல் என்னும் ஐரிஷ்காரர். 1880இல் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றபின் சுரங்கம் சுரங்கமாயிற்று. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். உரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் என்ற ஊர்களில் மூங்கில் தட்டியால் மறைத்த வரிசை வீடுகளில் அவர்கள் குடியேறினர். இவற்றை யாவரும் எழுதிவிட்டனர்.

எழுதாது விட்டது ஒன்று உண்டு. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. அடித்தளத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரியைக் கடந்தது. அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். கை கால் நசுங்கியவர்களும் எலும்பு முறிந்தவர்களும் கூண்டில் ஏறி மேலே வந்துகொண்டேயிருந்தனர். எனவே சுரங்கங்களுக்கென்று சாம்பியன் ரீப்பில் நல்லதொரு மருத்துவமனை அமைந்தது. பக்கத்துச் சிற்றூர்களில் ஊசி போடுவதற்கே ஆளில்லாதிருந்த காலத்தில், தங்கவயல் தொழிலாளி தேர்ந்த அறுவை மருத்துவரின் கையில் படுத்தான். அங்கே பணியாற்றிய அந்தோணி காப்லன் என்னும் ஆங்கில மருத்துவர், பாறைத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் நோயை 1940களில் ஆராய்ந்தார். பின்னர் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தாரிடம் அவர் கண்டு 1953இல் விளக்கிய நோய்க்கூறு இன்றும் மருத்துவ நூல்களில் அவர் பெயரால் வழங்குகிறது. தங்கவயலில் தூசுநோய் கண்டவனுக்குத் தேறும் நாள் என்பதே கிடையாது. அது தனிக் கதை. நாம் பேச வந்தது தேறக்கூடியவனைப் பற்றி.

நம் பாட்டனார் அத்தகைய ஒருவர். 1957இல் அவருக்கும் குடலிறக்கம் கண்டது. துளைக் கருவியைத் தாங்கியும் பளுவைத் தூக்கியும் வாழும் சுரங்கத் தொழிலாளிக்கு அது வியப்பில்லை. அறுவை நன்றாக முடிந்தது. பதினான்கு நாள் கட்டிலில் கிடத்தினார்கள். பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். பாட்டனார் தம் வாழ்நாளில் இரும்புக் கட்டிலில் வெள்ளைத் துணி விரித்துப் படுத்தது அந்தப் பதினான்கு நாட்கள்தாம் என்று பாட்டியார் சொல்லுவார். பிறகு, மூன்று மாதம் பளுத் தூக்கலாகாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினர்.

வீடு என்பது ஓர் அறை. அதில் ஏழு பேர். பாட்டனாருக்குக் கயிற்றுக் கட்டில் ஒன்றை எதிர்வீட்டார் கொடுத்தனர். கஞ்சியை இன்று இவர் வீட்டில், நாளை அவர் வீட்டில் என்று வரிசைக்காரர்களே முறை வைத்துக் காய்ச்சினர். அந்த வகையில் வரிசை முழுவதும் ஒரு தங்குமனையாகவே இருந்தது. அதை நாம் மறக்கலாகாது. ஆனால் கழிப்பிடமோ வரிசையின் கோடியில். தையல் பிரித்த வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அவர் அவ்வளவு தூரமும் நாள்தோறும் நடந்தார். அறுவை முடிந்தவனை விரைவில் எழுப்பி நடக்க விட வேண்டும் என்று மேனாட்டு மருத்துவர்கள் 1940களில் வற்புறுத்தத் தொடங்கியிருந்தனர். அந்த ஞானத்தை நம் பாட்டனாருக்கு வரிசை வீட்டுக் கழிப்பிடம் புகட்டிற்று எனலாம்.

மூன்று மாதம் என்று மருத்துவர் சொன்னதை அவர் ஆறு வாரமாகக் குறைத்துக்கொண்டார். காரணம் வேறொன்றுமில்லை, கூலி நின்றுவிட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இலேயே பிறந்ததுதான். விபத்தினால் உண்டான காயத்துக்கே அது பணம் கொடுக்கும். பத்து நாளைக்கு மேற்படாத இயலாமையாயின் ஒன்றுமில்லை என்பது அதன் முதல் வாசகம். 1959ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் அப்பத்து மூன்றாகக் குறைந்து நின்றது. பாட்டனாரின் குடலிறக்கம் விபத்தன்று, உடல் பலவீனம் என்று எழுதப்பட்டமையால் அந்தக் கணக்கும் அவருக்கு உதவவில்லை. 1948இல் வந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நோயுற்ற நாட்களுக்கும் பணம் அளித்தது. ஆனால் அதன் விளக்கப் பகுதியில் ‘தொழிற்சாலை’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறும் இடத்திலேயே சுரங்கங்கள் விலக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகளுக்குப் பின்னர் நம் மேசைக்கு அந்தப் பக்கம் தமிழாக்கத்துக்கு வந்தபோது, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். ஆறாம் வாரத்தில் சுரங்கத்துக்குள் இறங்கியவருக்கு அவ்வாண்டு முடிவதற்குள் குடல் மீண்டும் இறங்கியது. இரண்டாம் முறை அவர் அறுவைக்கு உடன்படவில்லை. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டே மீதி வாழ்நாளைக் கழித்தார்.

அதே தங்கவயலில் மலைச்சரிவு வீடுகளும் 1885இல் தொடங்கிய மன்றமும் உடைய வெள்ளையர் இருந்தனர். வெள்ளையர் தேறுவதற்கென்று தென்னாட்டில் மலைகளே இருந்தன என்றால் மிகையாகாது. ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தை உருவாக்கியதற்குக் கூறப்பட்ட முதற் காரணம், சமவெளியின் வெப்பத்தில் நலிந்த ஐரோப்பியர் உடல் தேற வேண்டும் என்பதே. குன்னூருக்கருகே வெலிங்டனிலும் நோய்நீங்கிய படைவீரர் தேறுவதற்கு இடம் இருந்தது. இங்கிலாந்திலும் இக்கருத்து வலுத்திருந்த காலம் அது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் மருத்துவமனைகளைப்பற்றி எழுதிய நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில், தேறுவோர்க்கான இல்லங்களுக்கென்று தனி அத்தியாயமே அமைத்தார். நோயாளி தேவைக்கு மேல் ஒரு நாளும் மருத்துவமனையில் இருத்தலாகாது, வீட்டைப் போன்ற வேறிடம் வேண்டும் என்பது அவர் கட்சி. கருத்து கடல் கடந்து வந்தது. ஆனால் நம் வரிசை வீடுவரை வந்து சேரவில்லை.

நம்மவர்க்கு இக்கருத்தே தோன்றவில்லையா என்று கேட்கலாம். தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது பேத்தமங்கலத்து ஏரி. அது பாலாற்றின் ஏரி. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் அவ்வாறு பேத்தமங்கலத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று இறங்கிக் காஞ்சி நாட்டுக்குப் போகிறது. அங்கே செய்யாறும் வேகவதியும் அதனோடு கூடுமிடம் திருமுக்கூடல். அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டொன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வேதம் ஓதும் மாணவர் விடுதியோடு சேர்த்து, வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலர்சாலை நடந்த செய்தியை அது கூறுகிறது. கிடக்கைகள் பதினைந்து. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பார் மருத்துவர். சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், அதாவது அறுவையாளர். மருந்து கொணர்ந்து விறகிட்டுக் காய்ச்சுவோர், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்டிர், நாவிதர், நீர் கொணர்வோர் ஆகிய யாவர்க்கும் நெல்லும் காசும் அளந்து வைத்திருக்கிறார்கள். கிடப்போர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுவதும் ஒரு விளக்கு எரிய எண்ணெய். நடுநிசியில் வலியால் விழித்தெழுந்தவனுக்குத்தான் அந்த எண்ணெயின் அருமை தெரியும். கிடக்கும் ஆளைப்பற்றி இவ்வளவு நுணுக்கமாக எண்ணியவர்கள் நம் முன்னோர்.

பிற்காலத்தில் அவ்வெண்ணம் சத்திரங்களில் ஓரளவு தங்கிற்று. தஞ்சைச் சரபோசி மன்னர் 1801இல், சத்திரங்களைத் தம் வசமே விட்டுவைக்குமாறு கும்பினியாரின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், வழியில் நோயுற்றோர்க்கு அங்கே மருத்துவமும் பராமரிப்பும் நடப்பதையும், கருவுற்ற பெண்டிர் ஆதரிக்கப்படுவதையும் எடுத்துச் சொன்னார். சென்னையில் 1880களில் சவளை இராமசாமி முதலியார் சென்ட்ரல் நிலையத்துக்கெதிரே கட்டிய சத்திரம், பொது மருத்துவமனைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எனினும் சத்திரம் என்பது வழிப்போக்கனுக்காக ஏற்பட்டது. பலவற்றில் மூன்று நாளைக்கு மேல் தங்க முடியாது. காசிக்குப் போகிறவனுக்கு மூன்று நாள் போதும். வயிற்றில் தையல் போட்டவனுக்குப் போதுமா? மருத்துவமனை நோயாளியை ஏற்றது. சத்திரம் யாத்திரிகனை ஏற்றது. இரண்டுமல்லாதவன் திண்ணையில் நின்றான்.

அவனைத் திண்ணையிலிருந்து உள்ளே அழைத்த நிகழ்ச்சி ஒன்று அதே பாலாற்றங்கரையில், வேலூரில் நடந்தது. கொல்லிமலையில் 1914இல் பாதிரியார் குடும்பத்தில் பிறந்த பால் பிராண்ட் என்பவர் லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையின் வளர்ச்சிதான் அக்கல்லூரி. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்த முடியும் என்று பிராண்ட் 1948 முதல் செய்துகாட்டினார். உலகமே வியந்தது. ஆனால் அறுவைக்குப் பின் கையைக் கட்டிலிட்டு வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். பிறகு விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். தொழுநோயாளிக்கு அத்தனை வாரம் இடங்கொடுப்பார் யார்? பிற நோயாளர் படுக்கும் கூடத்தில் இடமில்லை. ஊரில் விடுதியும் இல்லை. நிமிர்ந்த கையோடு ஊர் திரும்பியவனுக்கு வேலை கிடைக்கவில்லை. மடங்கிய கையைக் காட்டிப் பெற்ற பிச்சையும் போயிற்று. இதைக் கண்டு வருந்தியே 1950களின் தொடக்கத்தில் பாகாயத்தில், கல்லூரி வளாகத்தின் ஒரு மூலையில், மண்சுவர்க் குடிசைகள் சிலவற்றை எழுப்பி ‘நவஜீவ நிலையம்’ என்று பெயரிட்டார். நோயாளர் அங்கே தங்கித் தேறினர். தச்சுவேலையும் பொம்மை செய்யும் தொழிலும் கற்றனர்.

இனி நடந்ததுதான் வியப்பு. ஆறிய கைகளில் புதிய புண்கள் தோன்றின. சிலர் விரல்நுனி ஓர் இரவிலேயே காணாமற் போயிற்று. தொழுநோய் சதையைத் தின்கிறது என்பது ஆயிரமாயிரம் ஆண்டு நம்பிக்கை. மருத்துவமனைக்கு வந்து போகும் நோயாளியாக இருந்திருந்தால் பிராண்டும் அதையே நம்பியிருப்பார். இவர்களோ கண்ணெதிரே வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்ததென்று அன்றன்றே துருவிப் பார்த்தார்கள். சுடும் பாத்திரத்தைப் பிடித்தவன், திறவாத பூட்டில் சாவியை எலும்பு தெரியத் திருகியவன், சுத்தியற் பிடி உரசியதை உணராதவன் என்று காரணங்கள் ஒன்றொன்றாக வெளிப்பட்டன. இரவில் காணாமற் போன விரல்களுக்குக் காரணம் கண்டறியக் காவலிருந்தபோது, உறங்குபவன் கையை எலி வந்து கடிப்பது தெரிந்தது. வலி இல்லை; ஆகவே விழிப்பும் இல்லை. அன்றுமுதல் நிலையத்தில் பூனைகள் வளர்க்கப்பட்டன. வீடு திரும்புவோரும் பூனையோடு திரும்பினர்! சதையை அழிப்பது நோயன்று, வலியின்மையே என்ற உண்மை இவ்வாறு நிலைபெற்றது. நீரிழிவுக்காரரின் காற்புண்ணைப் பேணும் முறைக்கும் அதுவே பின்னர் வழிகாட்டியாயிற்று. நமக்குத் தோன்றுவது இது: சோதனைக்கூடத்திலும் அறுவைக்கூடத்திலும் அகப்படாத உண்மை, தேறுபவன் உறங்கிய குடிசையில் அகப்பட்டது.

பிற்காலத்தில் வேறு வகை முயற்சிகளும் தோன்றின. 1974இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில், புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் தங்குவதற்கு மருத்துவமனையருகே ஓர் இல்லம் திறந்தனர். அவ்வகை இல்லங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. மும்பையில் தாதரிலுள்ள காட்கே மகராஜ் தர்மசாலையில் புற்றுநோயாளர் தங்கிச் சிகிச்சைக்குப் போய்வருகின்றனர். ஆயினும் நாட்டில் பெரும்பான்மையான இடங்களில் இப்பணி வாடகை விடுதிகளின் கைக்கே போய்விட்டது. நம் பாட்டனாரைப் பதினான்கு நாள் கிடத்திய அதே அறுவைக்கு நமக்கு இரண்டு இரவு போதுமென்றனர். மருத்துவம் வளர்ந்துவிட்டது, உண்மைதான். மீதிப் பன்னிரண்டு நாள் எங்கே போயிற்று? அது மருத்துவமனையின் கணக்கிலிருந்து நோயாளியின் கணக்குக்கு மாறிற்று. மருத்துவச் செலவைத் திருப்பித் தரும் விதிகளின்படி மனுச் செய்தபோது, விடுதி வாடகைச் சீட்டுகள் மட்டும் நம்மிடமே திரும்பி வந்தன.

வேலூர்க் காந்தி சாலையும் அதன் கிளைத் தெருக்களும் இப்போது தேறுவோர் நகரம். வங்காளம், அசாம், ஜார்க்கண்டு, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகின்றனர். பெயர்ப்பலகைகள் வங்க மொழியில். கடைக்காரர் பேச்சும் வங்க மொழியில். அறைக்கு அறை அடுப்பும் பாத்திரமும் நாள்வாடகைக்குத் தருகிறார்கள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நம் தமக்கையார் வந்து நமக்குக் கஞ்சி வைத்தார். அடுத்த அறையில் முர்ஷிதாபாத்திலிருந்து வந்த தம்பதிகள். அம்மையாருக்கு அறுவை முடிந்து பத்தாம் நாள் மருத்துவர் பார்க்க வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்புவதென்றால் நாலாயிரம் கிலோமீட்டர். ஆகவே இருந்தார்கள். ஏழாம் நாள் கணவர் சன்னலில்லாத அறைக்கு மாறிக்கொண்டார். நாளைக்கு இருநூறு ரூபாய் மிச்சம் என்று விரலைக் காட்டிச் சொன்னார். தமக்கையாருக்கு வங்கமொழி தெரியாது. அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ரசத்துக்கு ஒரு கிண்ணமும் மீன்குழம்புக்கு ஒரு கிண்ணமும் நாள்தோறும் சுவர் தாண்டிப் போய்வந்தன. வரிசை வீட்டுப் பழக்கம் தமக்கையாரை விட்டுப் போகவில்லை.

கீழ்த்தளத்தில் மாரிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். சுரங்கத்தில் இருபத்தெட்டாண்டு உழைத்தவர். அந்தச் சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. சாம்பியன் ரீப் மருத்துவமனையும் அதன்பின் மூடிக் கிடந்தது. 2021இல் பெருந்தொற்று பரவியபோது, தொண்டர்கள் அதைக் கூட்டிக் கழுவி மறுபடி நோயாளர்க்குத் திறந்தனர் என்று கேட்டு நம் ஊரார் பலர் கண்கலங்கினர். ஆனால் கத்தி வைக்க வேண்டிய நோய் என்றால் தங்கவயலார் கோலாருக்கோ பெங்களூருக்கோ வேலூருக்கோதான் புறப்பட வேண்டும். விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் பெங்களூர் வண்டியில் கூலிக்குப் போகிறவர்களுக்கிடையே கட்டுப் போட்டவர்களும் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

பெரியவர் நான்காம் நாளே அறையைக் காலி செய்துவிட்டார். இன்னும் ஆறு நாள் இருக்கச் சொன்னார்களே என்று தமக்கையார் கேட்டதற்கு, வீட்டில் படுத்தால் தேறாதா அம்மா என்று சிரித்தார். பேருந்தில் போனார். அவரைத் தடுத்து நிறுத்த நமக்கு வாய் வரவில்லை. நம் பாட்டனாரை யாரும் தடுக்கவில்லை என்று பிறரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாம்.

நமக்குத் தையல் பிரித்த காலையில் மருத்துவமனை வாயிலில் அவரை மறுபடி கண்டோம். புண்ணில் சீழ் வைத்துவிட்டதாம். இரவு முழுவதும் பயணம் செய்து, பங்காருப்பேட்டையில் வண்டி ஏறிக் காட்பாடியில் இறங்கி வந்திருந்தார். ஐந்து நாள் நாள்தோறும் வந்து கட்டுக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அறை இன்று காலியாகிறதா, வாடகை எவ்வளவு என்று கேட்டார். தமக்கையார் சாவியை எடுத்துக்கொண்டு, அவரை விடுதி மேலாளரிடம் அழைத்துப் போனார். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் இன்னும் மூன்று நாள் வாடகை கட்டியிருந்தோம். அவற்றை அறையிலேயே விட்டுவிட்டு வண்டி ஏறினோம்.